ஹை அல்லாய் பைப் வெல்டுல டிஃபெக்ட் வந்தா ரிப்பேர் பண்றது எப்படி: புதுசா வர்றவங்களுக்கு

ஆர்டி (வெல்டை எக்ஸ்ரே மாதிரி ஃபிலிம்ல எடுக்கற ரேடியோகிராபி) ரிப்போர்ட்ல ஜாயின்ட் ரிஜெக்ட்னு வந்ததும் கிரைண்டரைக் கையில எடுக்காதீங்க. கார்பன் ஸ்டீல்ல நோண்டி எடுத்துட்டு ரெண்டு மூணு பாஸ் (வெல்டு ஓட்டம்) போட்டு மூடிப் பழகினவங்க அதே கையோட பி91 மாதிரி பைப்புக்கோ ஸ்டெயின்லெஸ் லைனுக்கோ வரும்போது, அடுத்த ஃபிலிம் சுத்தமாத்தான் வருது, ஆனா ஜாயின்ட் முன்னாடி இருந்ததைவிட மோசமாயிடுது, ஏன்னா அந்த மெட்டலுக்கு என்ன சூடு போச்சு, எவ்வளவு நேரம் இருந்துச்சு, எப்போ ஆறுச்சுங்கறதை ஃபிலிம் காட்டாது. ரிப்பேர்ல ஆர்க் அடிக்கிற நேரம் ரொம்பக் கொஞ்சம். டிஃபெக்டை முழுசா எடுத்தோமா, சூட்டைச் சரியா வச்சோமா, இந்த ரெண்டுலதான் ஜாயின்ட்டோட ஆயுசு இருக்கு.

முதல்ல பைப் என்ன மெட்டீரியல்னு உறுதி பண்ணுங்க

ஹை அல்லாய்ங்கறது ஒரே மெட்டல் இல்ல. நம்ம கைக்கு அதிகமா வர்றது ரெண்டு குடும்பம். ஒண்ணு 9 சதவீதம் குரோமியம், 1 சதவீதம் மாலிப்டினம், கூட வனேடியம், நையோபியம் கலந்த பி91, பவர் பிளான்ட் மெயின் ஸ்டீம் லைன்ல பாக்கறது. இன்னொண்ணு 304எல், 316எல், 321, 347 மாதிரி ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ். இந்த ரெண்டுக்கும் ரிப்பேர் முறை கிட்டத்தட்ட நேர் எதிர், பி91க்கு 200 டிகிரி ப்ரீஹீட் (வெல்டுக்கு முன்னாடி பைப்பைச் சூடாக்கறது) இல்லாம ஆர்க்கே அடிக்கக் கூடாது, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு ப்ரீஹீட் தேவையில்ல, சூடு ஏறாம பாத்துக்கறதுதான் வேலை. அதனால டிராயிங்ல என்ன போட்டிருக்குன்னு மட்டும் நம்பாம பிஎம்ஐ மெஷின் (மெட்டல்ல என்ன கலந்திருக்குன்னு காட்டறது) வச்சு பைப், பழைய வெல்டு, புதுசா போடப்போற ஃபில்லர் வயர் மூணையும் பாத்துடுங்க. டிஐஜி (டங்ஸ்டன் முனையும் ஆர்கானும் வச்சுப் போடற வெல்டிங்) வயர் எல்லாம் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும், தப்பான வயர் போயிடுச்சுன்னா ஆர்டில தெரியவே தெரியாது.

ஏற்கெனவே ஓடிட்டிருந்த லைன்னா அதுக்கும் முன்னாடி பர்மிட், ஐசொலேஷன், டிரெய்ன், பிளைண்ட், கேஸ் டெஸ்ட் எல்லாம் முடிஞ்சிருக்கணும். வருஷக்கணக்கா ஓடின லைன்ல விரிசல் வந்திருந்தா இன்னொரு கேள்வியும் இருக்கு, அது வெல்டிங் டிஃபெக்டா இல்ல க்ரீப் சேதமா (சூட்டுலயும் அழுத்தத்துலயும் மெல்ல மெல்ல வர்ற சேதம்). பி91ல ஹெச்ஏஇஸட்டோட (வெல்டு சூடு பட்டு மாறின பக்கத்துப் பட்டை) வெளி ஓரத்துல, வெல்டுக்கு இணையா ஓடற விரிசலை டைப் 4 விரிசல்னு சொல்லுவாங்க. அதை மேலாப்புல நோண்டி மூடினா பக்கத்துலயே திரும்ப வரும், ஏன்னா அந்தப் பட்டை முழுக்கவே தளர்ந்து போயிருக்கும். அந்த மாதிரி சந்தேகம் இருந்தா மெட்டலர்ஜி ஆள் வந்து ரெப்ளிக்கா (மெட்டல் பரப்போட அச்சு) எடுத்துப் பாத்தப்புறம்தான் வேலை.

வெல்டே போடாம முடிக்க முடியுமா

இதை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. மேல்பக்க அண்டர்கட் (வெல்டு ஓரத்துல விழற பள்ளம்), ஆர்க் ஸ்ட்ரைக் (ஆர்க் தவறிப் பட்ட புள்ளி), ஓவர்லாப் (ஒட்டாம வழிஞ்சு நிக்கற வெல்டு), கேப்ல (வெல்டோட மேல் அடுக்குல) இருக்கற சின்ன பின்ஹோல், இதெல்லாம் கிரைண்ட் பண்ணி ஸ்மூத்தா கலந்து விட்டு, மிச்சம் இருக்கற திக்னஸ் டிசைன் மினிமத்துக்கு மேல இருந்தா வெல்டே வேண்டாம். கிரைண்ட் பண்ணின இடத்துல டிபி (மேல் விரிசலைக் காட்டற சாயச் சோதனை) இல்லன்னா எம்பிஐ (காந்தத் துகள் சோதனை) பாத்து, யூடி (அல்ட்ராசோனிக்) கேஜ்ல திக்னஸ் எழுதிட்டா முடிஞ்சது. ஹை அல்லாய்ல போடாம விட்ட ஒவ்வொரு ரிப்பேர் வெல்டும் லாபம்தான்னு நான் உறுதியா நினைக்கிறேன், ஒவ்வொரு தடவை சூடு பண்றப்பவும் மெட்டல் கொஞ்சம் இழக்குது. ஆர்க் ஸ்ட்ரைக் விஷயத்துல மட்டும் கவனம், பி91ல அந்தச் சின்னப் புள்ளி கண்ணாடி மாதிரி கடினமான மார்ட்டென்சைட்ங்கற அமைப்பா மாறியிருக்கும், மேல தேய்ச்சு பளபளப்பாக்கினா போதாது, கடினமான அடுக்கு போற வரைக்கும் எடுத்துட்டு ஹார்ட்னஸ் பாக்கணும்.

இன்னொரு பக்கம், டிஃபெக்ட் சுற்றளவுல பாதிக்கு மேல ஓடுதுன்னாலோ, அதே இடத்துல ஏற்கெனவே ரெண்டு தடவை ரிப்பேர் ஆகியிருந்தாலோ ஜாயின்ட்டை வெட்டி எடுத்து புது பெவல் (வெல்டுக்காக முனையைச் சரிவா வெட்டறது) போட்டு முதல்லேருந்து வெல்டு பண்றதுதான் நல்லது. நிறைய ப்ராஜெக்ட்ல ஒரே இடத்துல ரெண்டு ரிப்பேர்தான் அனுமதி. வெட்டும்போது பழைய வெல்டை மட்டும் இல்லாம ரெண்டு பக்க ஹெச்ஏஇஸட்டையும் சேத்து எடுக்கணும்.

டிஃபெக்ட் எங்க இருக்கு, ஏன் வந்துச்சு

ஃபிலிமை நீங்களே பாருங்க, ரிப்போர்ட்ல இருக்கற ஒரு வரியை வச்சு வேலை பண்ணாதீங்க. பைப் மேல இருக்கற ஜீரோ மார்க், நம்பர் டேப் ஓடற திசை, ரெண்டையும் ஃபிலிம்ல பொருத்திப் பாத்து இடத்தைக் குறிங்க, திசை மாறிட்டா நல்ல வெல்டை நோண்டிட்டு டிஃபெக்டை உள்ளயே விட்டுடுவீங்க. சின்ன பைப்ல எலிப்ஸ் ஷாட் எடுத்திருந்தா ரெண்டு சுவரும் ஒரே ஃபிலிம்ல விழும், எந்தப் பக்கம்னு தெளிவாக் கேட்டுக்கோங்க. ஆர்டில ஆழம் தெரியாது. பி91னா யூடி போட்டு மேலேருந்து எத்தனை மிமீல இருக்குன்னு எடுத்துடலாம். ஸ்டெயின்லெஸ் வெல்டுல கிரெய்ன் பெருசா இருக்கறதால சவுண்டு சிதறும், யூடி அவ்வளவு நம்பகமா வராது, அங்க டிஃபெக்டோட தன்மையை வச்சுத்தான் ஆழத்தை யூகிக்கணும்: ரூட்ல (வெல்டோட அடிப்பக்கம்) பெனிட்ரேஷன் (உருகி ஊடுருவறது) இல்லாததுன்னா கடைசி வரைக்கும் போகணும், டங்ஸ்டன் இன்க்ளூஷன்னா (உள்ள மாட்டின டங்ஸ்டன் துணுக்கு) டிஐஜி போட்ட லேயர்லதான் இருக்கும்.

கூடவே காரணத்தையும் பிடிங்க. போரோசிட்டின்னா (வெல்டுக்குள்ள வாயு ஓட்டைகள்) ஆர்கான் ஓட்டமா, ஹோஸ் லீக்கா, காத்து அடிச்சுதா, ராடு ஓவன்ல இருந்துச்சா. சைடுவால் ஃபியூஷன் இல்லன்னா (பக்கச் சுவரோட வெல்டு உருகி ஒட்டலன்னா) பெவல் ஆங்கிள், கரன்ட், வெல்டர் எட்டாத இடம். பி91ல ஆர்க் ஒரு பக்கமா இழுக்குதுன்னா பைப்ல காந்தம் ஏறியிருக்கும், கேபிளை பைப் மேல சுத்தி டிமேக்னடைஸ் பண்ணாம எத்தனை தடவை ரிப்பேர் போட்டாலும் அதே லேக் ஆஃப் ஃபியூஷன்தான் வரும். சாம்பிள் ஆர்டி எடுக்கற லைன்னா ஒரு ஜாயின்ட் ரிஜெக்ட் ஆனா அதே வெல்டரோட இன்னும் ரெண்டு ஜாயின்ட்டை எடுத்துப் பாக்கணும்னு ஏஎஸ்எம்இ பி31.3 பைப்பிங் கோடு சொல்லுது, அதையும் அப்பவே இன்ஸ்பெக்டர்கிட்ட பேசிடுங்க.

பேப்பர் வேலை

ரிப்பேருக்கு டபிள்யூபிஎஸ் (எழுதி வச்ச வெல்டிங் முறை) இருக்கா, அதுக்குப் பின்னால பிக்யூஆர் (அந்த முறையை டெஸ்ட் பீஸ்ல நிரூபிச்ச ரெக்கார்டு) இருக்கா, வெல்டர் அந்தப் பொசிஷனுக்கும் திக்னஸுக்கும் குவாலிஃபை ஆகியிருக்காரா, இதைப் பாருங்க. ஒரு விஷயம் புதுசா வர்றவங்களுக்குத் தெரியாது: டஃப்னஸ் டெஸ்ட் தேவைப்படற வேலையில பிக்யூஆர் டெஸ்ட் பீஸுக்குக் கொடுத்த பிடபிள்யூஹெச்டி (வெல்டுக்கு அப்புறம் கொடுக்கற ஹீட் ட்ரீட்மென்ட்) நேரம், நிஜ ஜாயின்ட் மொத்தமா வாங்கப்போற நேரத்துல குறைஞ்சது 80 சதவீதமாவது இருக்கணும். முதல் வெல்டுக்கு ஒரு பிடபிள்யூஹெச்டி, ரிப்பேருக்கு ஒண்ணு, ரெண்டாவது ரிப்பேருக்கு இன்னொண்ணுன்னு கூட்டிட்டே போனா பழைய பிக்யூஆர் பத்தாம போயிடும்.

நோண்டி எடுக்கறது

அவசரமே கூடாத இடம் இது. கிரைண்டிங்தான் பாதுகாப்பு. திக்கான பைப்ல கார்பன் ஆர்க் கவுஜிங் (கார்பன் ராடு ஆர்க்ல உருக்கி காத்தால ஊதி எடுக்கறது) பண்ணலாம்தான், ஆனா பி91னா வெல்டிங்குக்கு வைக்கற அதே ப்ரீஹீட்டை கவுஜிங்குக்கும் வைக்கணும், கவுஜிங் முடிஞ்சதும் மேல் பரப்பை 2லேருந்து 3 மிமீ வரைக்கும் கிரைண்ட் பண்ணி எடுக்கணும், கார்பன் ஏறின தோல் அங்க இருக்கும். ஸ்டெயின்லெஸ்ல கவுஜிங்கைத் தவிர்க்கறதே மேல், அந்தக் கார்பன் உள்ள போனா கார்பன் குறைஞ்ச எல் கிரேடு வாங்கினதுக்கே அர்த்தம் இல்லாமப் போயிடும். கார்பன் ஸ்டீல்ல ஓட்டின வீல், பிரஷ் எதுவும் ஸ்டெயின்லெஸ் பக்கம் வரக் கூடாது, இரும்பு, சல்ஃபர், குளோரின் கலக்காத வீல்னு பாத்து தனிப் பெட்டியில வச்சுக்கோங்க, ஸ்டெயின்லெஸ் பிரஷ்தான்.

விரிசலா இருந்தா ரெண்டு முனையையும் முதல்ல டிபில கண்டுபிடிச்சு, முனைகளைத் தாண்டின இடத்துலேருந்து நடுவைப் பாத்து நோண்டுங்க, நடுவுலேருந்து ஆரம்பிச்சா கிரைண்டிங் சூட்டுலயே விரிசல் இன்னும் ஓடும். ஒரே இடத்துல வீலை அழுத்தி நீல நிறம் வர வைக்காதீங்க. குழியோட வடிவம் வெல்டருக்கு டார்ச்சோ ராடோ போய் வர்ற மாதிரி இருக்கணும்: அடி வட்டமா, பக்கச் சுவர் விரிஞ்சு, நீளவாக்குல ரெண்டு முனையும் மெதுவா மேல ஏறி வர்ற சரிவா. ஒரு மிமீ டிஃபெக்டுக்கு ஒரு சின்னப் பொட்டுக் குழி போதும்னு தோணும், ஆனா குட்டியா, ஆழமா இருக்கற குழியில ஆர்க்கைத் தொடங்கி நிறுத்தவே இடம் இருக்காது, சுத்தி இருக்கற மெட்டல் விட்டுக்கொடுக்காது, ரெசிடுவல் ஸ்ட்ரெஸ் (உள்ள தேங்கி நிக்கற இழுவிசை) அதிகமாயிடும், ஆகவே கொஞ்சம் நீளமாவே எடுங்க.

டிஃபெக்ட் கண்ணுக்குத் தெரிஞ்சு மறைஞ்சதும் நிறுத்திடாதீங்க. குழியை டிபி பண்ணிப் பாருங்க, சிவப்புக் கோடு ஒண்ணு கூட இல்லாம வர்ற வரைக்கும். பி91க்கு எம்பிஐ கூடப் பண்ணலாம், யோக் (காந்தக் கவ்வி) வச்சுத்தான், ப்ராட் (கரன்ட் பாய்ச்சற முனை) வைச்சா ஆர்க் ஸ்ட்ரைக் விழும். ஆஸ்டெனிட்டிக் ஸ்டெயின்லெஸ்ல காந்தம் ஒட்டாது, அங்க டிபி மட்டுந்தான். சாதாரண டிபி மருந்து 5லேருந்து 52 டிகிரிக்குள்ளதான் வேலை செய்யும், கிரைண்ட் பண்ணின சூட்டோட அடிச்சா முடிவை நம்ப முடியாது. முடிஞ்சதும் மருந்தை முழுசாத் துடைச்சு எடுங்க, இல்லன்னா அதுவே போரோசிட்டி ஆகும். குளோரின் உள்ள சால்வென்ட் வேண்டவே வேண்டாம், ஸ்டெயின்லெஸ்ஸுக்கு குளோரைடு ஆகாது, அது மட்டுமில்ல, அந்த ஆவி ஆர்க் பக்கத்துல ஃபாஸ்ஜீன்னு ஒரு விஷ வாயுவா மாறும்.

பர்ஜிங்

குழி ரூட் வரைக்கும் போயிடுச்சுன்னா, இல்ல அடியில கொஞ்சம் திக்னஸ்தான் மிச்சம்னா, உள்பக்கம் ஆர்கான் ரொப்பி காத்தை வெளியேத்தணும், பர்ஜிங்னா அதுதான். இல்லாமப் போட்டா ரூட்டோட உள்பக்கம் கறுத்து சக்கரைக் கட்டி மாதிரி பொரிஞ்சு நிக்கும். மூடின லைன்ல தண்ணியில கரையற பேப்பர் டேம் (ஆர்கானை உள்ள தேக்கற அடைப்பு) வைப்பாங்க, பி91னா ப்ரீஹீட் சூடு படாத தூரத்துல வைங்க. மீட்டர் வச்சு ஆக்சிஜன் அளவு பாத்துட்டு ஆரம்பிங்க, ஸ்டெயின்லெஸ்ஸுக்கு பத்துக்கணக்கான பிபிஎம் அளவுக்கு இறங்கினாத்தான் ரூட் வெள்ளையா வரும். முதல் ரெண்டு மூணு லேயர் முடியற வரைக்கும் பர்ஜை நிறுத்தாதீங்க. ஆர்கான் காத்தைவிட கனம், வாசனை கிடையாது, பைப்புக்குள்ளயோ குழிக்குள்ளயோ ஆள் இறங்கறதுக்கு முன்னாடி ஆக்சிஜன் மீட்டர் காட்டாம யாரையும் விடாதீங்க, ஒரு மூச்சுல மயக்கம் போட்டு விழுந்தவங்களைத் தூக்கப் போனவங்களும் விழுந்திருக்காங்க.

பி91ஐ வெல்டு பண்றது

ப்ரீஹீட் குறைஞ்சது 200 டிகிரி, குழிக்குப் பக்கத்துல மட்டும் இல்ல, முழுச் சுற்றளவுக்கும் எலக்ட்ரிக் ஹீட்டர் கட்டி வைங்க. கேஸ் டார்ச் வச்சு ஒரு பக்கம் மட்டும் சூடு பண்றது வேலைக்கு ஆகாது. இன்டர்பாஸ் (ரெண்டு பாஸுக்கு நடுவுல இருக்கற சூடு) சுமாரா 300 டிகிரியைத் தாண்ட விடாதீங்க. டிஐஜிக்கு இஆர்90எஸ்-பி9 வயர், ராடுன்னா இ9015-பி9, இப்போ பெட்டியில பி91னு முடியற பேர்லயும் வருது. ஃபில்லர் சர்டிஃபிகேட்ல நிக்கலும் மாங்கனீஸும் கூட்டிப் பாருங்க, கூட்டுத்தொகை அதிகமாக ஆக வெல்டு மெட்டல் மறுபடி ஆஸ்டெனைட்டா (அதிக சூட்டுல இருக்கற அமைப்பு) மாற ஆரம்பிக்கற வெப்பநிலை இறங்கிட்டே வரும், பிடபிள்யூஹெச்டில மேல் எல்லை எவ்வளவுன்னு அதுதான் முடிவு பண்ணும். ராடை உற்பத்தியாளர் சொன்னபடி ஓவன்ல சூடாக்கி ஈரம் போக்கி, போர்ட்டபிள் ஓவன்லேருந்து கொஞ்சம் கொஞ்சமா எடுங்க.

பீடு மெல்லிசா, நேரா போடணும், அகலமா ஆட்டி ஒரே அடியா ரொப்பற பழக்கம் இங்க வேண்டாம், மெல்லிய லேயரா போட்டாத்தான் மேல வர்ற லேயர் கீழ இருக்கறதை டெம்பர் பண்ணும் (சூடு கொடுத்து கடினத்தைக் குறைக்கும்). ஒவ்வொரு ஸ்டார்ட் ஸ்டாப்பையும் லேசா கிரைண்ட் பண்ணுங்க, கிரேட்டரை (பீடு முடியற இடத்துக் குழி) ரொப்பிட்டு ஆர்க்கை எடுங்க.

நடுவுல நிறுத்தறது கூடாது. மழை, கரன்ட் கட், ஷிஃப்ட் மாறுதுன்னு நிறுத்த வேண்டி வந்தா ப்ரீஹீட்டை இறக்காம வைங்க, அதுவும் முடியலன்னா 300 டிகிரி பக்கம் சில மணி நேரம் ஹைட்ரஜன் பேக் (உள்ள மாட்டின ஹைட்ரஜன் வெளியேற வைக்கற சூடு) கொடுத்து, இன்சுலேஷனோட மெதுவா ஆற விட்டு, ஈரம் படாம மூடி வைங்க. டெம்பர் ஆகாத பி91 வெல்டு 400 ஹெச்வி (விக்கர்ஸ் ஹார்ட்னஸ்) பக்கம் கடினமா இருக்கும், அது மேல ஈரம் உக்காந்தா ஸ்ட்ரெஸ் கரோஷன்ல தானா விரியும், தட்டக்கூட வேண்டாம்.

வெல்டு முடிஞ்சதும் நேரா பிடபிள்யூஹெச்டிக்கு ஏத்தலாம்னு நினைப்பாங்க, அதுதான் பெரிய தப்பு. மெட்டல் மார்ட்டென்சைட்டா மாறி முடியறதுக்கு சுமார் 100 டிகிரிக்குக் கீழ இறங்கணும். மாறாத ஆஸ்டெனைட்டை வச்சுக்கிட்டு மேல ஏத்தினா, பிடபிள்யூஹெச்டி முடிஞ்சு ஆறும்போது அது டெம்பர் ஆகாத புது மார்ட்டென்சைட்டா மாறி நிக்கும், சார்ட்ல எல்லாம் சரியா இருக்கும், ஜாயின்ட் மட்டும் உடையக் காத்திருக்கும். 100க்குக் கீழ இறக்கி, திக்னஸ் முழுக்க அந்தச் சூடு வர்ற வரைக்கும் ஒண்ணு ரெண்டு மணி நேரம் வச்சு, அப்புறம் ஏத்துங்க.

பிடபிள்யூஹெச்டி

பெரும்பாலான புரொசீஜர்ல 730லேருந்து 770 டிகிரிக்குள்ள, நேரம் திக்னஸைப் பொறுத்து. ரிப்பேர் ஒரு விரல் நீளமே இருந்தாலும் ஹீட்டர் பைப்பைச் சுத்தி முழு வளையமாத்தான் கட்டணும், ஒரு பக்கம் மட்டும் சூடாக்கினா புதுசா ஸ்ட்ரெஸ் ஏத்தறோம். தெர்மோகப்பிள் (சூட்டை அளக்கற வயர்) மேல, கீழ, ரெண்டு பக்கமும், ரிப்பேர் மேலயும். அதை ஹீட்டர் நேரடியாத் தொடாம மூடி வைக்கணும், இல்லன்னா பைப் சூட்டுக்குப் பதிலா ஹீட்டர் சூட்டைக் காட்டும். படுத்திருக்கற பெரிய பைப்ல மேல்பக்கம் கீழ்பக்கத்தைவிட சூடா ஓடும், தனித்தனி கன்ட்ரோல் வைங்க. பைப் முனைகளை அடைச்சுடுங்க, உள்ள காத்து ஓடினா உள்சுவர் சூடாகாது. இந்தச் சூட்டுல பைப்புக்கு பலம் ரொம்பக் குறைவு, சப்போர்ட் பக்கத்துலயே இருக்கணும், இல்லன்னா தொங்கிடும்.

சூடு குறைஞ்சு போச்சுன்னா திரும்பச் சரியான சூட்டுல பண்ணிக்கலாம். மேல்எல்லையைத் தாண்டி 800 பக்கம் போயிடுச்சுன்னா அதை மறைக்காதீங்க, அந்தப் பட்டையை வெட்டி எடுக்கணும், இல்லன்னா முழு பீஸையும் கழட்டி நார்மலைஸ், டெம்பர் பண்ணணும், திரும்ப ஒரு பிடபிள்யூஹெச்டி போட்டு அதைச் சரி பண்ண முடியாது.

பிடபிள்யூஹெச்டி இல்லாம டெம்பர் பீடு முறையில (அடுத்த பீடோட சூட்டாலயே முந்தின பீடை டெம்பர் பண்றது) ரிப்பேர் பண்றதும் இருக்கு. அதுக்குத் தனியா குவாலிஃபை பண்ணின புரொசீஜர் வேணும், கோடும் அனுமதிக்கணும், சைட்ல நின்னு யோசிச்சு எடுக்கற முடிவு இல்ல அது.

ஸ்டெயின்லெஸ்ஸை வெல்டு பண்றது

இங்க வேலை கொஞ்சம் லேசு. இன்டர்பாஸ் 150லேருந்து 175 டிகிரிக்குள்ள, கை வைக்கற அளவுக்கு ஆற விட்டு அடுத்த பாஸ் போட்டாலும் நல்லதுதான். இந்த மெட்டல் கார்பன் ஸ்டீலைவிட சூட்டை மூணுல ஒரு பங்குதான் கடத்தும், ஆனா சுமார் ஒண்ணரை மடங்கு விரியும், அதனால சூடு அங்கயே தேங்கி பைப்பை இழுத்து வளைக்கும். 425லேருந்து 870 டிகிரிக்குள்ள ரொம்ப நேரம் இருந்தா குரோமியம் கார்பைடா மாறி கிரெய்ன் ஓரங்கள்ல உக்காந்துடும், அந்த ஓரம் அப்புறம் அரிக்கும். சின்னப் பீடு, குறைஞ்ச ஹீட் இன்புட். வெல்டுல கொஞ்சம் ஃபெரைட் இருந்தாத்தான் ஹாட் கிராக் வராது, 3லேருந்து 10 எஃப்என் (ஃபெரைட் நம்பர்) மாதிரி கேப்பாங்க. பிடபிள்யூஹெச்டி பொதுவா கிடையாது. மேல இருக்கற கலர் டின்ட்டை பிரஷ்லயோ பிக்ளிங்லயோ (ஆசிட் பூசிக் கழுவறது) எடுத்துடுங்க, எட்டற இடமா இருந்தா உள்பக்கமும்.

இந்த ரெண்டு மெட்டலோட வெல்டிங் புகையிலயும் ஹெக்ஸாவேலன்ட் குரோமியம் இருக்கு, புற்றுநோய் தர்ற பொருள் அது. எக்ஸ்ட்ராக்ஷன் ஃபேன், சரியான மாஸ்க் ரெண்டும் இல்லாம வெல்டரை உக்கார வைக்காதீங்க, ஹெல்பருக்கும் சேத்துதான் சொல்றேன்.

கடைசி டெஸ்ட்

முதல்ல எந்த முறையில ரிஜெக்ட் ஆச்சோ அதே முறையில, அதே டெக்னிக்ல திரும்பப் பாருங்க, பி91ல அது பிடபிள்யூஹெச்டிக்கு அப்புறம் எடுக்கற ஃபிலிம் இல்லன்னா யூடியா இருக்கணும். அது கூட மேல்பக்கம் டிபி அல்லது எம்பிஐ, தெர்மோகப்பிள் ஒட்டின இடங்களைக் கிரைண்ட் பண்ணிட்டு அங்கயும். அப்புறம் பிஎம்ஐ, ஹார்ட்னஸ். பி91 பைப்ல 190 ஹெச்பிக்குக் (பிரினெல் ஹார்ட்னஸ்) கீழ வந்தா மெட்டல் மெத்துனு ஆயிடுச்சோன்னு சந்தேகம், 300க்கு மேலன்னா டெம்பர் ஆகலன்னு சந்தேகம், சரியான எல்லை உங்க ப்ராஜெக்ட் ஸ்பெக்ல இருக்கும். ஹார்ட்னஸ் எடுக்கற இடத்துல மேல் தோலைக் கொஞ்சம் தேய்ச்சு எடுக்கணும், கார்பன் போன மெல்லிய அடுக்கு மேல வச்சா குறைச்சுக் காட்டும்.

ஜாயின்ட் நம்பர் பக்கத்துல ஆர்1னு (முதல் ரிப்பேர்) சேருங்க, குழியோட நீளம், ஆழம், வெல்டர் நம்பர், ஃபில்லர் ஹீட் நம்பர், பிடபிள்யூஹெச்டி சார்ட் எல்லாம் ஒரே ஃபைல்ல. அடுத்து அந்த இடத்துல ஏதாவது வந்தா வர்ற ஆளுக்கு இது எத்தனாவது ரிப்பேர், இதுவரைக்கும் மொத்தம் எத்தனை மணி நேரம் சூடு வாங்கியிருக்குன்னு அதுலதான் தெரியும். ஃபிலிம், சார்ட், ஹார்ட்னஸ் ரீடிங் மூணும் கையெழுத்தாகி வர்ற வரைக்கும் அந்த ஜாயின்ட்ல இன்சுலேஷன் கட்ட விடாதீங்க.